ஆக்‌ஷன் கதை எழுத ஆரம்பிக்கறவங்களுக்கு: கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல ஒரு ஹீரோவ வச்சு முழுசா கட்டிப் பாக்கலாம்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு போனா குறும்படம் எடுக்கற பசங்க நாலு பேராவது வந்து உக்காந்துடுவாங்க, கையில ஒரு நோட்டு இல்லன்னா போன்ல டைப் பண்ணி வச்ச லைன், "அண்ணா ஒரு ஆக்‌ஷன் கதை இருக்கு கேளுங்க"ன்னு ஆரம்பிச்சா நேரா மழை, ராத்திரி, பத்து பேரு சுத்தி நிக்கறாங்க, ஹீரோ மெதுவா தலைய தூக்கறான்னு ஃபைட்டுல இருந்துதான் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். என் முதல் ஸ்கிரிப்டுல 7 ஃபைட்டு. அத ஓ.டி. துறைமுகத்துல வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட முக்கால் மணி நேரம் சொன்னேன், மனுஷன் ஒரு வார்த்தை குறுக்க பேசாம கேட்டாரு, கடைசில ஊசிய வலையில குத்தி வச்சுட்டு "எல்லாம் சரி தம்பி, அந்தப் பையனுக்கு அப்படி என்ன வலி, இந்த அடி அடிக்கறான்"னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரிதான் நான் எழுதக் கத்துக்க ஆரம்பிச்சேன்னு சொல்லணும்.

வாயத் தொறந்து சொல்ல முடியாத ஒண்ண ஹீரோ உடம்பால சொல்ற இடம்தான் ஃபைட்டு. அப்போ அவனால சொல்ல முடியாதது என்னன்னு நமக்கு முதல்ல தெரியணும், ஃபைட்டு எல்லாம் அதுக்கு அப்புறம் வரட்டும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு கதைய எடுத்துக்கிட்டு, அந்த வரிசையில எப்படி கட்டறதுன்னு பாக்கப் போறோம். கதை நான் இதுக்குன்னே யோசிச்சது, ஊரு நம்ம ஊரு.

முதல் வேலை: ஹீரோ மறைக்கற ஒரு விஷயம்

ஒரு வெள்ளைத் தாள் எடுங்க, ஹீரோ பேர எழுதுங்க. நம்ம ஹீரோ பேரு தேசிங்கு, வயசு 29, ஓ.டி. துறைமுகம் பக்கத்துல ஒரு ஐஸ் கம்பெனில ஐஸ் பார் இழுத்துப் போடற வேலை. சண்டைன்னு வந்தா ஒதுங்கிப் போறவன். சின்ன வயசுல அப்பாகிட்ட சிலம்பம் கத்துக்கிட்டவன், இப்போ கம்ப தொடறதே இல்ல. இது வரைக்கும் இருக்கறது வெறும் பயோடேட்டா, இத வச்சு ஒரு சீன் கூட எழுத முடியாது.

இப்போ கீழ எழுதுங்க, இவன் யாருகிட்டயும் சொல்லாத விஷயம் என்ன? தேசிங்குக்கு அது 'தானே'ன்னு பேரு வச்ச புயல். 2011 டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையக் கடந்துச்சே, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுதே, அதே புயல். கடலூர்ல 2004 சுனாமியும் 2015 வெள்ளமும் கூட பெரிய காயம்தான், ஆனா இந்தக் கதைக்கு காத்துதான் வேணும், ஏன்னு போகப் போக புரியும். அன்னைக்கு விடியக்காலம் உப்பனாத்துக் கரையில கட்டியிருந்த ஃபைபர் படகு அத்துக்கிட்டு போகப் பாக்குது, அப்பா தண்ணில இறங்கி இடுப்புல ஒரு கயித்த சுத்திக்கிட்டு படக கட்டப் போறாரு, கயித்தோட இன்னொரு முனை கரையில நிக்கற 15 வயசுப் பையன் கையில. காத்து அடிக்குது, தகரம் பறக்குது, பையன் கயித்த விட்டுட்டு வீட்டுக்கு ஓடிடறான். "அப்பா எங்கடா"ன்னு அம்மா கேக்குது. "பின்னாடி வந்துட்டு இருக்காரு"ன்னு சொல்றான். அப்பா வரவே இல்ல. 14 வருஷமா அந்த ஒரு பொய்யத்தான் அவன் தூக்கிக்கிட்டு திரியறான்.

இப்போ தேசிங்கு எதுக்கு சண்டைன்னா ஒதுங்கறான், எதுக்கு கம்ப தொடல, எதுக்கு எப்பவும் கையில சாக்குத் துணி சுத்திக்கிட்டே வேலை பாக்கறான், எல்லாத்துக்கும் காரணம் வந்துடுச்சு பாருங்க, ஒண்ணொண்ணா உக்காந்து யோசிக்கவே வேண்டாம். படத்தோட பயணமும் இதுலயே இருக்கு: கயித்த விட்டுட்டு ஓடினவன், கயித்த விடாம நிக்கறவனா ஆகணும். இந்த ஒரு வரிய எழுதி செவுத்துல ஒட்டிடுங்க, எழுதற ஒவ்வொரு சீனும் இந்த வரிய தொடுதான்னு பாத்துக்கிட்டே போகணும்.

ஒரு எச்சரிக்கை. தங்கச்சிய கொன்னுட்டாங்க, அப்பாவ கொன்னுட்டாங்க, அதனால ஹீரோ கிளம்பறான்னு ஒரு டெம்ப்ளேட் இருக்கு. அதுல வலி முழுக்க வெளிய இருந்து வருது, ஹீரோ மேல எந்தத் தப்பும் இல்ல, அதனால அவன் மாறவும் ஒண்ணும் இல்ல, முதல் ரீல்ல எப்படி இருந்தானோ கடைசி ரீல்லயும் அப்படியே இருப்பான். தன் மேலயே கோவம் இருக்கற ஹீரோதான் ரெண்டரை மணி நேரம் தாங்குவான்.

ரெண்டாவது: உணர்ச்சிக்கு ஒரு வரிசை போடுங்க

இதுக்கு நமக்கு எங்கயும் கடன் வாங்க வேண்டாம். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு இயலே இருக்கு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொண்ணும் எதனால வரும்னு நாலு நாலு காரணம், மொத்தம் 32. அந்த வார்த்தையே பாருங்க, மெய்ப்பாடு, மனசுல இருக்கறது மெய்யில, அதாவது உடம்புல தெரியறது. ஆக்‌ஷன் எழுதறவனுக்கு இதவிட பொருத்தமான வார்த்தை கிடையாதுன்னு நான் நினைக்கிறேன்.

புதுசா எழுதறவங்க எல்லாரும் வெகுளிய மட்டும் வச்சு படம் பூரா ஓட்டப் பாக்கறாங்க. முதல் சீன்ல கோவம், அடுத்து பெரிய கோவம், கிளைமாக்ஸ்ல கண்ணு செவந்த கோவம். ஒரே சுதிய எவ்வளவு சத்தமா வாசிச்சாலும் அது ஒரே சுதிதானே, பாக்கறவனுக்கு அரை மணி நேரத்துல காது அடைச்சுப் போகும். கோவத்துக்கு அந்த நூல் சொல்ற நாலு காரணம் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்ப சிதைக்கறது, தன்னை நம்பி இருக்கறவங்கள துன்பப்படுத்தறது, அடிச்சு வைது அலைக்கழிக்கறது, கொல்றது. நம்ம ஆளுங்க எப்பவும் கடைசி ஒண்ண மட்டும்தான் எடுப்பாங்க, ஆனா எழுத நிறைய இடம் இருக்கறது குடிகோள்லயும் அலையிலயும்தான்.

பெருமிதத்துக்கு சொல்ற நாலு காரணம்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. அறிவு, பயமில்லாம நிக்கறது, பழி வராத புகழ், குடுக்கறது. அடிச்சு ஜெயிக்கறதுன்னு ஒண்ணு அதுல தனியா இல்ல. கிளைமாக்ஸ்ல ஹீரோவப் பாத்து தியேட்டர்ல உடம்பு சிலிர்க்கணும்னா அவன் எதுக்கும் அசையாம நிக்கணும், இல்லன்னா தன்னையே எதுக்காகவாவது குடுக்கணும். இத படிச்ச அன்னைக்கு என் பழைய கிளைமாக்ஸ் எல்லாம் எதுக்கு சப்புன்னு இருந்துச்சுன்னு புரிஞ்சுது.

தேசிங்குக்கு நான் போடற வரிசை இதுதான். மேல நகை, உள்ள அச்சம், அதாவது சிரிச்சுப் பேசி எல்லாத்தையும் தட்டிக் கழிக்கறான். அப்புறம் வெகுளி, ஒரே ஒரு தடவை கட்டு மீறிப் போகுது. உடனே இளிவரல், தன்னை நினைச்சு தானே கூசிப் போறான், இங்கதான் நிறைய நேரம் நிக்கணும். அப்புறம் அழுகை. கடைசில பெருமிதம். ஒரு சார்ட் பேப்பர்ல இடது பக்கம் உணர்ச்சி, கீழ சீன் நம்பர்னு கோடு போட்டுப் பாருங்க, கோடு தொடர்ந்து 10 சீனுக்கு ஒரே மட்டத்துல போச்சுன்னா அங்க படம் படுத்துடும்.

மூணாவது: வில்லன் எங்க இருந்து வரணும்

ஹீரோவோட காயம் தெரிஞ்சவன்தான் நல்ல வில்லன். துரைக்கண்ணு, ஐஸ் கம்பெனி முதலாளி. அப்பா செத்த வீட்டுக்கு வந்து செலவுக்கு பணம் குடுத்தவரு, படிப்ப விட்ட பையன கூப்பிட்டு வேலை போட்டுக் குடுத்தவரு, தேசிங்கு அவர "ஐயா"ன்னுதான் கூப்பிடுவான், அவரு "வாடா மவனே"ம்பாரு. பாண்டில சரக்கு விலை கம்மி, கடலூர் ரோட்டுல ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பிடிக்கறாங்க, இவரு மீன் பெட்டில ஐஸுக்கு அடியில பாட்டில் அடுக்கி கொண்டு வராரு. தேசிங்குக்கு அரசல் புரசலா தெரியும். தெரிஞ்சும் கண்ண மூடிக்கிறான், அதுவும் ஒரு வகை ஓட்டம்தான்.

இதுக்கு மேல ஒரு முடிச்சு. புயல் அன்னைக்கு அக்கரையில இருந்து துரைக்கண்ணு எல்லாத்தையும் பாத்தாரு. பையன் கயித்த விட்டது அவருக்கு தெரியும். 14 வருஷமா சொல்லல, அந்த ரகசியத்த மடியில வச்சுக்கிட்டு அவனுக்கு சோறு போட்டுக்கிட்டு இருந்தாரு. அருவாளும் ஸ்கார்பியோவும் இல்லாமயே இவரு பயமா இருப்பாரு பாருங்க.

நாலாவது: ரெண்டு பாதி

நம்ம படத்துக்கு இன்டர்வெல் உண்டு, அதனால வெளிநாட்டு ஸ்கிரிப்ட் கிளாஸ்ல ஆரம்பம், நடு, முடிவுன்னு பிரிச்சு சொல்ற மூணு அங்கத்த அப்படியே எடுத்துப் போட்டா உக்காராது. நான் 150 நிமிஷம்னு கணக்கு வச்சுக்கிட்டு 72ஆவது நிமிஷத்துக்கு பக்கத்துல இன்டர்வெல்ல நிறுத்துவேன், ஸ்கிரிப்டுல ஒரு பக்கம்னா படத்துல சுமாரா ஒரு நிமிஷம்னு வச்சுக்கோங்க. சீன ஒவ்வொண்ணா துண்டு அட்டையில எழுதி தரையில பரப்பிடுங்க, போன்லயே எழுதறவங்க கூட இத மட்டும் கையால செய்யுங்க, முழுக் கதையையும் ஒரே பார்வையில பாக்கறதுக்கு வேற வழி இல்ல.

கதைக்கு கடிகாரம் ஒண்ணு வேணும். நம்ம கரையில அது ரெடியாவே இருக்கு, மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், ஐஸ் கம்பெனில வேலை கொறையும், கையில காசு இருக்காது, கடன் ஏறும். காசு இல்லாதவன் எதுக்கும் தலையாட்டுவான் இல்லையா, அதுதான் கதைய தள்ளுது. ஊருக்கு தெரிஞ்ச ஒரு தேதி முடிவுல நிக்கறதால, பாக்கறவங்க நாமளா சொல்லாமயே நாள் எண்ண ஆரம்பிச்சுடுவாங்க.

மாசி மகத்துல தொறக்கறேன். தேவனாம்பட்டினம் கடற்கரை, தீர்த்தவாரிக்கு சாமி வந்திருக்கு, கூட்டம். நாலு பேரு தேசிங்க வம்புக்கு இழுக்கறாங்க, அவன் சிரிக்கறான், கும்பிடறான், முடியாம போக ஓடறான். 8 நிமிஷம் ஓடறான். ஹீரோ என்ட்ரில ஓடலாமான்னு கேப்பாங்க, ஓடலாம், எப்படி ஓடறான்னுதான் விஷயம், கூட்டத்துக்குள்ள ஒருத்தர் மேல கூட இடிக்காம அவன் கால் போற விதத்துல இவனுக்கு வேற ஏதோ தெரியும்னு கண்ணு உள்ளவங்களுக்கு பட்டுடணும். சிலம்பத்துல கம்புக்கு முன்னாடி காலடிதான் சொல்லிக் குடுப்பாங்க, அந்தக் காலடி இது. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கிளைமாக்ஸுக்கு வேணும்.

ஏப்ரல் 15, படகு எல்லாம் நின்னுடுது. 25ஆவது நிமிஷம் கிட்ட துரைக்கண்ணு கூப்பிட்டு பாண்டில இருந்து மீன் பெட்டி ஏத்திக்கிட்டு வரணும், மினி வேன் நீ ஓட்டுன்னு சொல்றாரு. மாட்டேன்னு சொல்ல தேசிங்குக்கு வாய் வரல. வேன்ல கூட வர்றது பரணி, 15 வயசு, பக்கத்து வீட்டுப் பையன், லீவுக்கு காசு சேக்க வர்றான். வயச கவனிங்க, தேசிங்கு கயித்த விட்டப்போ இருந்த அதே வயசு. செக்போஸ்ட்ல வண்டி நிக்கற சீன ஃபைட்டு இல்லாம வெறும் பார்வையில எழுதுங்க, தார்ப்பாய்க்கு அடியில ஐஸ் கரைஞ்சு தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, எவ்வளவு நேரம் நிக்கறாங்களோ அவ்வளவு பாட்டில் வெளிய தெரியும். நல்ல ஆக்‌ஷன் படத்துல இந்த மாதிரி அடி விழாத ஆக்‌ஷன் சீன் ரெண்டாவது இருக்கும்.

காதல், பாட்டு எல்லாம் வேணும்னா வைங்க, கயித்து வரிய தொடற மாதிரி வைங்க, அவ்வளவுதான் அதுல சொல்ல இருக்கு.

இன்டர்வெல் பிளாக். பரணி பெட்டிக்குள்ள பாட்டில பாத்துடறான், யாருகிட்டயோ சொல்லிடறான், துரைக்கண்ணு ஆளுங்க பையன படகுத்துறையில வச்சு அடிக்கறாங்க. தேசிங்கு வந்து நிக்கறான். இந்த தடவ ஓடல. 14 வருஷம் அடக்கி வச்சது மொத்தமா வெளிய வருது, 6 பேரு கீழ விழறாங்க, தியேட்டர் விசில் அடிக்கும், அடிக்கட்டும். இந்த இடத்துல புதுசா எழுதற எல்லாரும் ஹீரோ ஒரு பஞ்ச் டயலாக் சொல்லி நடந்து வர்ற மாதிரி முடிச்சுடுவாங்க. அதுக்கு பதிலா துரைக்கண்ணு மெதுவா நடந்து வரட்டும், கை ஓங்கல, காதுக்கிட்ட குனிஞ்சு "கயித்த விட்டுட்டு ஓடினவன்தானடா நீ"ன்னு மட்டும் சொல்லட்டும். தேசிங்கு கை தானா கீழ இறங்குது. இன்டர்வெல்.

6 பேர அடிச்சவன ஒரு வாக்கியம் அடிச்சுடுச்சு. டீ குடிக்கப் போறவன் "என்ன கயிறு?"னு கேட்டுக்கிட்டே போவான், திரும்பி வந்து உக்காருவான். ரெண்டாவது பாதி தொங்குதுன்னு நிறைய படத்த சொல்றோமே, முக்கால்வாசி காரணம் இன்டர்வெல்ல ஒரு கேள்வி இல்லாம வெறும் சவால் மட்டும் விட்டிருப்பாங்க. "நீயா நானா பாத்துடலாம்"னு ஹீரோ சொல்லிட்டா, பாக்கறவனுக்கு யாரு ஜெயிப்பான்னு அங்கயே தெரிஞ்சு போச்சு, அப்புறம் அவன் எதுக்கு காத்திருக்கணும்?

ஃபிளாஷ்பேக்க பத்தி

இன்டர்வெல் முடிஞ்ச உடனே முழு ஃபிளாஷ்பேக் 20 நிமிஷம் வைக்கறது பழைய பழக்கம். நான் ரெண்டா வெட்டுவேன். இன்டர்வெல் முடிஞ்சதும் 4 நிமிஷம், தேசிங்கு ஞாபகத்துல இருக்கற மாதிரி, காத்து, கயிறு, விட்டுட்டு ஓட்டம், அவ்வளவுதான். மிச்சத்த அவனே மறந்துட்டான், அது அம்மாகிட்ட இருக்கு. அம்மா சொல்லும்போதுதான் மிச்சம் வரணும். ஒரே நிகழ்ச்சிய ரெண்டு பேரு கண்ணுல காட்டினா பாக்கறவனுக்கு ஹீரோ மேல இருக்கற கருத்தே மாறிடும், புதுசா ஒரு ஃபைட்டு எழுதறதவிட இதுக்கு பலம் ஜாஸ்தி.

அஞ்சாவது: ஃபைட்டு எழுதறது

ஒவ்வொரு ஃபைட்டுக்கும் ஒரு தனித் தாள். அதுல என்ன மனசோட உள்ள போறான், என்ன மனசோட வெளிய வரான்னு முதல்ல எழுதுங்க. ரெண்டும் ஒண்ணுன்னா அந்த ஃபைட்ட எடுத்துடுங்க, எவ்வளவு அழகா யோசிச்சிருந்தாலும் சரி. என் 7 ஃபைட்டுல 4 இப்படித்தான் போச்சு, மனசு வலிச்சுது, ஆனா கதை மூச்சு விட ஆரம்பிச்சுது. அடுத்து யாரு பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு எழுதுங்க. பரணி முன்னாடி அடிக்கறதும் அம்மா முன்னாடி அடி வாங்கறதும் ஒண்ணா? அப்புறம் அந்த இடத்துல மட்டும்தான் நடக்க முடியற ஒரு விஷயம்.

மூணாவது ஃபைட்டு ஐஸ் கம்பெனிக்குள்ள. தடைக்காலம், ஆள் கம்மி. ஐஸ் கம்பெனிக்குள்ள போயிருக்கீங்களா, தரைக்கு கீழ உப்புத்தண்ணி தொட்டி, அதுக்குள்ள வரிசையா தகர டின்னு, மேல மரப்பலகை மூடி, அந்தப் பலகை மேலதான் நடப்பாங்க, அமோனியா ஓடற பைப்பு, தரை பூரா ஈரம். தேசிங்கு உள்ள போகும்போது இளிவரல், நான் அடி வாங்க வேண்டியவன்தான்னு அவன் மனசுல முடிவாகிப் போச்சு, அதனால கை தூக்கவே மாட்டான். இங்க ஒரு பலகை உடையுது, கால் உள்ள போகுது, விலா எலும்பு தொட்டி விளிம்புல மோதுது. படத்துல இதுதான் ரொம்ப நேரம் வலிக்க வேண்டிய ஃபைட்டு, மியூசிக் இல்லாம எழுதுங்க, கம்ப்ரஸர் சத்தம் மட்டும்.

அந்த விலா எலும்ப கிளைமாக்ஸ் வரைக்கும் மறக்காதீங்க. நேத்து உடைஞ்ச கையால இன்னைக்கு ஹீரோ பைக்க தூக்கினா, பாக்கறவன் அப்புறம் எந்த அடிக்கும் பயப்பட மாட்டான், ஹீரோ சாவே மாட்டான்னு தெரிஞ்சு போச்சுன்னா எவ்வளவு பெரிய வெடியும் தீபாவளி மாதிரிதான். சீன் அட்டை ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல உடம்பு நிலவரம்னு எழுதுங்க: விலா வலி, இடது கால் தாங்கறான், மூச்சு இழுக்கறான்.

எது எழுதணும், எத ஸ்டன்ட் மாஸ்டர்கிட்ட விடணும்னு பசங்க கேக்கறாங்க. இடது கையால தடுத்து வலது காலால உதைச்சுன்னு எழுதாதீங்க, அது அவங்க தொழில், ரோப் கட்டறதா, டூப் போடறதா, எவ்வளவு உயரத்துல இருந்து குதிக்கலாம்னு உயிருக்கு பொறுப்பெடுத்து முடிவு பண்றது அவங்க. நீங்க எழுத வேண்டியது இடம், கையில என்ன கிடைக்கும், யாருக்கு என்ன வேணும், எந்த நொடியில நிலைமை திரும்புது, கடைசி ஷாட்டுல முகத்துல என்ன. இந்த அஞ்சும் தெளிவா இருந்தா மாஸ்டர் உங்களவிட பத்து மடங்கு நல்லா யோசிச்சுக் குடுப்பாரு.

ஆறாவது: கீழ விழுந்த இடம்

தேசிங்கு அடி வாங்கி வீட்டுக்கு வரான், 14 வருஷம் கழிச்சு அம்மாகிட்ட உண்மைய சொல்றான், "பின்னாடி வரலம்மா, நான் விட்டுட்டு வந்துட்டேன்"னு. இந்த சீனுக்கு நான் 11 தடவ டிராஃப்ட் எழுதினேன், முதல் பத்துலயும் அம்மா அழுதுச்சு, திட்டுச்சு, மன்னிச்சுச்சு, எதுவும் ஒட்டல. கடைசில அம்மா அவன் கைய எடுத்து சாக்குத் துணிய அவுத்து உள்ளங்கைல இருக்கற தழும்ப காட்டுது. "உள்ளங்கை பூரா தோல் உரிஞ்சு வந்துச்சுடா அன்னைக்கு, நான்தான் மஞ்ச பத்து போட்டேன், உனக்கு ஞாபகம் இல்ல, ஜுரத்துல கிடந்த. எவ்ளோ நேரம் புடிச்சிருந்தா அப்படி உரியும்"னு கேக்குது. அவ்வளவுதான் வசனம்.

இப்போ ஃபிளாஷ்பேக்கோட மிச்சம் வருது. 15 வயசுப் பையன் கயித்த பிடிச்சுக்கிட்டு நிக்கறான், கயிறு கைய அறுக்குது, விடல, தோல் போகுது, விடல, உடம்புல தெம்பு தீர்ற வரைக்கும் விடல. அவன் ஓடினது நிஜம்தான், ஆனா அதுக்கு முன்னாடி அவ்வளவு நேரம் நின்னதும் நிஜம்.

அந்தத் தழும்பு முதல் சீன்லயே இருக்கணும், சாக்குத் துணி முதல் சீன்லயே இருக்கணும், இல்லன்னா இங்க பொய்யாத் தெரியும். புதுசா எழுதறவங்க இந்த இடத்துக்கு வந்ததும் திரும்பிப் போய் முன்னாடி சீன்ல எல்லாம் விதை போட்டுட்டு வாங்க, எல்லாரும் அப்படித்தான் செய்யறது, முதல் டிராஃப்டுலயே எல்லாம் தானா அமையாது.

ஏழாவது: நேர்ல போங்க, வாய்விட்டு சொல்லுங்க

கிளைமாக்ஸ் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் விடியக்காலம் 4 மணிக்கு துறைமுகத்துக்கு போய் நில்லுங்க. படகு ஒண்ணோட ஒண்ணு ஒரசற சத்தம், நைலான் கயிறு இறுகும்போது முறுகற சத்தம், கால் எங்க வழுக்குது, லைட்டு எங்க இருந்து வருது, இதெல்லாம் ரூம்ல உக்காந்து வராது. நான் கயித்த வச்சு கதை யோசிச்சதே அங்க ஒருத்தரு ஒத்தக் கையால படக இழுத்துக் கட்டினத பாத்துதான்.

அப்புறம் சினிமாவுக்கு சம்பந்தமே இல்லாத 3 பேருக்கு கதைய வாயால சொல்லுங்க, பேப்பர் பாக்காம. அவங்க நல்லா இருக்குன்னு சொல்றத கணக்குல எடுக்காதீங்க, எந்த இடத்துல போன எடுத்தாங்கன்னு மட்டும் மனசுல குறிச்சுக்கோங்க. 3 பேரும் ஒரே இடத்துல எடுத்தா அந்த இடத்துல உணர்ச்சி மாறாம நிக்குதுன்னு அர்த்தம். சார்ட் பேப்பர போய் பாருங்க, கோடு அங்க படுத்துக் கிடக்கும்.

எட்டாவது: கிளைமாக்ஸும் அதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு நிமிஷமும்

ஜூன் 14 ராத்திரி. நடுராத்திரி தாண்டினா தடை முடியுது, துறைமுகம் பூரா லைட்டு, 61 நாளா தூங்கின ஐஸ் கிரஷர் ஓட ஆரம்பிக்குது, படகுக்கு ஐஸ் ஏத்தறாங்க, டீசல் ஏத்தறாங்க, சாமி கும்பிடறாங்க. துரைக்கண்ணு ஆளுங்க பரணிய தேடி வராங்க, பையன் படகு விட்டு படகு தாவி ஓடறான், தண்ணில விழறான், வலைக்கயிறு கால்ல சுத்திக்குது, ரெண்டு படகுக்கு நடுவுல மாட்டிக்கறான். தேசிங்கு ஒரு கயித்த வீசறான், பையன் பிடிச்சுக்கறான். இப்போ அவன் ரெண்டு கையும் கயித்துல. சுத்தி ஆளுங்க.

கிளைமாக்ஸ்ல ஹீரோவால கைய உபயோகிக்க முடியாது. ஒரு அடி திருப்பி அடிக்கணும்னாலும் கயித்த விடணும். அடி விழுது, விலாவுல விழுது, ஏற்கனவே உடைஞ்ச அதே இடம். கால் மட்டும்தான் அவனுக்கு மிச்சம், அப்பா சொல்லிக் குடுத்த காலடி, மாசி மகக் கூட்டத்துல ஓடறதுக்கு உதவின அதே கால் இப்போ நின்ன இடத்துல அடிய வாங்கி ஒதுக்குது. கயிறு பழைய தழும்பையே மறுபடி அறுக்குது, ரத்தம் கயித்து மேல வழியுது. துரைக்கண்ணு வந்து நிக்கறாரு, இன்டர்வெல்ல சொன்ன அதே வாக்கியத்த சொல்ல வாய் எடுக்கறாரு, கயித்த பாக்கறாரு, வார்த்தை வரல. பையன் மேல வந்துடறான். ஐஸ் ஏத்திக்கிட்டு இருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து தேசிங்கு பின்னாடி கயித்த பிடிக்கறாங்க, துரைக்கண்ணு ஆளுங்க கூட்டத்த பாத்து பின்வாங்கறாங்க. போலீஸ் வர்றது, பாட்டில பிடிக்கறது எல்லாம் ஒரே ஷாட்டுல போதும், அது அவன் கதை இல்ல.

அடிச்சு முடிச்ச உடனே டைட்டில் போட்டுடாதீங்க, அவ்வளவு நேரம் இழுத்துப் பிடிச்ச மூச்ச விடறதுக்கு பாக்கறவனுக்கு ஒரு இடம் வேணும். ஜூன் 15 விடியல், படகு எல்லாம் வரிசையா முகத்துவாரம் தாண்டி கடலுக்கு போகுது. தேசிங்கு வீட்டுத் திண்ணையில உள்ளங்கைய விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். உள்ள அம்மா அம்மில மஞ்ச அரைக்கற சத்தம். இந்த சீனுக்கு ஒரு வார்த்தை வசனம் எழுத வேண்டாம், அரைக்கற சத்தம் நிக்குது, அம்மா காலடி வாசல் பக்கம் வருது, அங்க கட் பண்ணுங்க.